ஃப்ளோருக்கு அடியில் குங்குமம்

என் மகள் சென்ற பந்தயப் பருவம் முழுவதும் நின்றுகொண்டேதான் சாப்பிட்டாள். மலேசியாவில் ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில், எங்கள் பட்டறைக்குப் பின் தெருவில் ஒரு முஸ்லிம் உணவகம் இருக்கிறது. பந்தயம் முடிந்ததும் காரைப் பட்டறையில் இறக்கிவிட்டு நேராக அங்கேதான் போவோம். நாங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவோம். அவள் மட்டும் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு தூண் ஓரமாக நிற்பாள். கடை முதலாளி அவளைச் சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்தவர்.

“உக்காந்து சாப்பிடு லா. நாற்காலிக்குத் தனியா பில் போட மாட்டேன்,” என்பார்.

“இவ்வளவு நேரம் கார்ல உக்காந்தே இருந்தேன் மாமா. கொஞ்சம் நிக்கிறேனே.”

அவர் நம்பினார். என் வீட்டுக்காரரும் நம்பினார். பெற்றவளிடம் அந்தப் பருப்பு வேகுமா? முதுகு வலிக்காரர்கள் நிற்கும் விதமே வேறு. ஒரு காலில் பாரத்தைப் போட்டு இடுப்பைச் சாய்த்து நிற்பார்கள். யாராவது பார்த்தால் சட்டென்று நிமிர்ந்துகொள்வார்கள். அவள் நிமிரும் ஒவ்வொரு தடவையும் எனக்குப் பரோட்டா தொண்டைக்குள் இறங்காது.

அவள் ஓட்டுவது ஒற்றை இருக்கை ஃபார்முலா கார். தொலைக்காட்சியில் உலகம் சுற்றி ஓடுகிறார்களே, அந்தக் கார்களின் ஏழைச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வட்டாரப் போட்டியில் இன்ஜினும் டயரும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஃப்ளோரை மட்டும் அணிகள் சொந்தமாகச் செய்துகொள்ளலாம். ஃப்ளோர் என்பது காரின் வயிற்றுப் பக்கம், தரையைப் பார்த்திருக்கும் பெரிய கார்பன் தகடு. அதில் இடமும் வலமும் முன்னிருந்து பின்வரை இரண்டு சுரங்கங்கள். கார் வேகமெடுத்ததும் காற்று அந்தச் சுரங்கங்களுக்குள் விரைந்து ஓடி, காரைத் தரையோடு உறிஞ்சிப் பிடிக்கும். வளைவில் கார் வழுக்காமல் திரும்புவது அதனால்தான். இறக்கைகளைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். வேலையில் பெரும் பங்கைச் செய்வது யார் கண்ணுக்கும் தெரியாத இந்த வயிறு.

உறிஞ்சல் அளவோடு இருக்கும்வரை நல்லது. கார் தரைக்கு மிக நெருங்கிவிட்டால் காற்றுக்கு வழி அடைத்துப்போகும், பிடி விட்டுப்போகும், கார் எழும்பும். எழும்பியதும் மறுபடி காற்று புகுந்து இழுக்கும். கழுத்துக் குறுகிய புட்டியைக் கவிழ்த்தால் தண்ணீர் குளுக் குளுக்கென்று அடைத்து அடைத்து வருகிறதே, அதே கதை. நேர் சாலையில் முழு வேகத்தில் போகும்போது கார் அப்படிக் குதிக்கும், குதிக்கும்போதெல்லாம் அடிவயிறு தார்ச்சாலையில் மோதும். உள்ளே இருப்பவளுக்கு இருக்கையில் பஞ்சு கிடையாது. அடி நேராக முதுகுத்தண்டுக்குப் போகும்.

ஒருவழியாக அவளை இழுத்துக்கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தோம். முதுகெலும்பில் ஒரு வட்டு நசுங்கத் தொடங்கியிருக்கிறது என்றார் மருத்துவர். இப்போதைக்கு ஓய்வு கொடுத்தால் சரியாகும், இன்னொரு பருவம் இப்படி அடி வாங்கினால் பிறகு தன்னிடம் வந்து பயனில்லை என்றார். மருத்துவமனைக் கார் நிறுத்துமிடத்தில் அவள் என்னிடம் சொன்னாள்:

“புது ஃப்ளோர் செய்யுங்க மா. அதுவும் குதிச்சா நான் இறங்கிடுறேன். சண்டை போட மாட்டேன், அழ மாட்டேன். இறங்கிடுறேன்.”

எனக்கு முன்கோபம் அதிகம். வேறு நாளாக இருந்தால் அங்கேயே ஒரு பாட்டுப் பாடியிருப்பேன். அன்றைக்கு அவளுக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டேன். இந்தப் பிள்ளைக்குக் கார் என்றால் உயிர் என்று எனக்குத் தெரியும். ஃப்ளோர் செய்யப்போவது நான் என்பதும் தெரியும்.

அது என் தொழில். பல வருடம் தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய் விமானப் பாகங்களின் கார்பன் உடலைப் பழுது பார்த்தவள் நான். பாலத்து நெரிசலில் ஆயுசு போகிறதே என்று ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்காரரோடு சேர்ந்து தம்போயில் பட்டறை போட்டேன். கார்பன் என் பொறுப்பு. சக்கரங்களின் கோணம், உயரம், ஸ்பிரிங் எல்லாம் அவர் பொறுப்பு. எங்களோடு ஒரு பொறியாளத் தம்பி இருக்கிறார். யாழ்ப்பாண வம்சம், ஜொகூர் பாருவில் பிறந்து வளர்ந்தவர், கிறிஸ்தவர். காற்று எங்கே எப்படிப் போகும் என்பதைக் கணினியில் போட்டுப் பார்ப்பது அவர் வேலை. மகளோடு சேர்த்து நாலு பேர், அதுதான் எங்கள் அணி.

புது ஃப்ளோருக்காகத் தம்பி மூன்று மாற்றங்கள் சொன்னார். சுரங்கத்தின் கூரையைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். பின் சக்கரத்துக்கு முன்னால் ஓரத்தை வெட்டித் தூக்க வேண்டும். சுரங்க வாயில் காற்றைப் பிரித்துவிடச் செங்குத்தாகச் சின்னச் சின்னத் தடுப்புகள் வைக்க வேண்டும். இவ்வளவும் செய்தால் பிடி கொஞ்சம் குறையும், குதிப்பு நிற்கும் என்றார்.

“நிச்சயமா நிக்குமா, இல்ல நிக்கலாம்னு சொல்றீங்களா?” என்று கேட்டேன்.

“கம்ப்யூட்டர்ல நிக்குது அக்கா,” என்றார். பாவம், பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

கார்பன் துணியைக் குளிர்ப்பெட்டியில்தான் வைத்திருக்க வேண்டும், வெளியே கிடந்தால் அதில் ஊறியிருக்கும் பசை கெட்டுவிடும். ஒரு சமயம் என் வீட்டுக்காரர் அந்தப் பெட்டியில் தெங்கிரி மீன் வாங்கி வைத்துவிட்டு என்னிடம் வாங்கிய வசவை இன்றும் மறக்கவில்லை. இந்தத் தடவை பெட்டிக்குப் பூட்டே போட்டேன். துணியை அச்சில் அடுக்கடுக்காகப் படியவைத்து, பிளாஸ்டிக் உறை மூடி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, ரொட்டிக் கடையிலிருந்து வாங்கிய பழைய அடுப்பில் வேக வைப்பேன். முழு ஃப்ளோரை அந்த அடுப்பு கொள்ளாது. அதனால் இடது பாதி, வலது பாதி என்று தனித்தனியாகச் செய்து நடுவில் இணைத்தேன். அந்த இணைப்புதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. அது கொஞ்சம் வளைந்துகொடுத்தாலும் போச்சு. சமைக்கும்போதும் துணி காயப்போடும்போதும் அந்த இணைப்பே கண்ணில் நிற்கும்.

ஃப்ளோர் முடிந்த நேரத்தில் ஆயுத பூஜை வந்தது. என் வீட்டுக்காரர் வருடத்தில் மற்ற நாள் முழுக்கச் சாதுவான மனிதர். ஆயுத பூஜைக்கு முதல் நாள் மட்டும் அவருக்கு ஏதோ வந்து ஏறிக்கொள்ளும். ஒரு பொட்டு எண்ணெய்க் கறை தெரிந்தாலும் சாமி ஏற்றுக்கொள்ளாது என்று பட்டறையையே புரட்டிப் போட்டுக் கழுவுவார். ஸ்பேனர்கள், ஜாக்கி, எடைத் தட்டுகள், தட்டுகளுக்கு அடியில் இருக்கும் ஓடுகள்வரை சோப்புப் போட்டுத் தேய்த்தார். மறுநாள் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, காருக்கு மாலை போட்டு, சூடம் காட்டினார். காரில் ஒட்டுகிற எந்தப் பொருளும் காற்றைக் கெடுக்கும் என்று தம்பி ஏற்கனவே சொல்லியிருந்ததால், பூஜை முடிந்ததும் நானே பொட்டுகளைத் துடைத்துவிட்டேன். கண்ணுக்குத் தெரிந்தவற்றை.

விஜயதசமி காலையில் கார் எடைத் தட்டுகளின் மேல் ஏறியது. இங்கே எங்கள் பட்டறைத் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த இடம் முன்பு கார் கழுவும் கடை. தண்ணீர் வடிவதற்காகத் தரை சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கும். சரிந்த தரையில் பந்தயக் காரை அளந்தால் அளவு பொய்யாகும். அதனால் சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எடைத் தட்டுகள் வைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் மெல்லிய பிளாஸ்டிக் ஓடுகளைக் கூட்டியும் குறைத்தும் அடுக்கி, நாலையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவார் என் வீட்டுக்காரர். எந்த மூலைக்கு எத்தனை ஓடு என்று ஓட்டின் மேலேயே சுண்ணக்கட்டியால் எழுதியிருப்பார். அதன் மேல் காரை ஏற்றித்தான் ஃப்ளோருக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைச் சரிபார்ப்பார். இரண்டு மில்லிமீட்டர் கூடிக் குறைந்தாலும் இந்தக் கார்களுக்குப் பெரிய விஷயம்.

வழக்கமாக ஓடுகளை அடுக்கியதும் மட்டக்கருவி வைத்து ஒரு தடவை பார்த்துக்கொள்வார். அன்றைக்கு நல்ல நேரம் முடியப்போகிறது, அதற்குள் தொழிலில் கை வைத்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டார். நானும்தான் அவசரப்படுத்தினேன்.

அடுத்த நாள் காலை ரெங்கம் போனோம். அங்கே செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில், மருந்து தெளிக்கும் சின்ன விமானங்களுக்காக ஒரு காலத்தில் போட்ட ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. வளைவே கிடையாது, நேராக ஓடவிட்டு ஃப்ளோரைச் சோதிக்க அதைவிடத் தோதான இடம் இல்லை. நிர்வாகியிடம் அனுமதி வாங்கியிருந்தோம். லாரியிலிருந்து காரை இறக்கினோம். மகள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கினாள். இறங்கும்போது இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து, மெதுவாக, வயதானவர்கள் பேருந்தில் உட்காருவது போல உட்கார்ந்தாள்.

முதலில் மெதுவாக ஒரு ஓட்டம், குறையில்லை. இரண்டாவது ஓட்டத்தில் முழு வேகம் எடுத்தாள். எங்களைக் கடக்கும்போது இன்ஜின் சத்தத்துக்கு அடியில் அந்தச் சத்தம் கேட்டது. டக், டக், டக், டக். போன வருடம் முழுக்கக் கேட்ட அதே சத்தம்.

அவள் திரும்பி வந்து காரை நிறுத்தினாள். தலைக்கவசத்தைக் கழற்றினாள். யாரையும் பார்க்கவில்லை.

“போதும் மா,” என்றாள். “பழசு மாதிரிதான் இருக்கு. லாரியில ஏத்திடுங்க.”

சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள், சண்டை போடவில்லை, அழவில்லை. லாரியின் பின்பலகையில் போய் மல்லாந்து படுத்துக்கொண்டாள். நான் அசையாமல் நின்றேன். இணைப்பு வளைந்துவிட்டது, என் கையால் செய்த இணைப்பு என் பிள்ளையின் ஆசையைக் கெடுத்துவிட்டது என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. இனி அவள் முதுகு பிழைத்தது என்ற நிம்மதியும் கூடவே இருந்தது. அந்த நிம்மதி வந்ததற்காக என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

தம்பி மட்டும் விடவில்லை. காரை ஜாக்கியில் தூக்கச் சொல்லி, கைவிளக்கோடு அடியில் புகுந்தார். பிறகு கீழேயிருந்து குரல் வந்தது.

“அக்கா, இந்தச் சாயம் யார் பூசினது?”

“என்ன சாயம்?”

“சிவப்பு. ரெண்டு பக்கமும் தடுப்பு மேல பூசியிருக்கு. நல்ல யோசனை. என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

காற்று எப்படி ஓடுகிறது என்று பார்க்க, பெரிய அணிகள் காரின் மேல் நிறமுள்ள எண்ணெய்க் குழம்பைப் பூசி ஓட்டுவார்கள். காற்று அதை இழுத்துக்கொண்டு போன தடத்தைப் பார்த்து எங்கே என்ன நடந்தது என்று படித்துவிடலாம். நாங்கள் அப்படி எதுவும் பூசவில்லை. நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

“குங்குமம்,” என்றார். “பூஜைக்கு வச்சேன். கார்பன் வழவழன்னு இருக்கு, சும்மா வச்சா ஒட்ட மாட்டேங்குது. அதான் நல்லெண்ணெயில குழைச்சு வச்சேன்.”

“நான்தான் துடைச்சேனே.”

“நீ மேலே துடைச்ச. நான் அடியிலயும் வச்சேன். வேலை செய்யறதே அதானே.”

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே குழைத்திருப்பேன். அதற்குள் தம்பி என்னையும் உள்ளே கூப்பிட்டார். மல்லாந்து படுத்து நகர்ந்து அவர் பக்கத்தில் போனேன். வலது சுரங்கத்தில் ஒவ்வொரு பொட்டும் நேராகப் பின்னால் இழுத்துக்கொண்டு போயிருந்தது, வகிட்டுக் குங்குமம் போல அவ்வளவு நேராக. இடது சுரங்கத்தில் அப்படி இல்லை. கொஞ்ச தூரம் போய், தயங்கி, ஓரத்துப் பக்கம் திரும்பி அங்கேயே அப்பிக்கொண்டிருந்தது.

“இடது பக்கம் காத்து அடைச்சுப்போச்சு,” என்றார் தம்பி. “வலது பக்கம் நாங்க நினைச்ச மாதிரியே ஓடுது.”

“என் இணைப்பு வளைஞ்சிருச்சா?”

அவர் இணைப்பு நெடுகிலும் விரலை ஓட்டினார். கட்டைவிரலால் அழுத்தினார். “இல்லை அக்கா. இது கல்லு மாதிரி இருக்கு.” பிறகு பின்பக்கம் விளக்கைத் திருப்பினார். தரையில் உரசித் தேய்வதற்கென்றே அடியில் மரப்பலகை பொருத்தியிருப்போம். அது இடது பின்பக்கம் மட்டும் தேய்ந்து கறுத்திருந்தது. “இந்த மூலை தரைக்குக் கிட்ட நிக்குது. ரெண்டு பக்கமும் ஒரே உயரம்னுதானே அண்ணன் வச்சார்?”

நாங்கள் வெளியே வந்தபோது என் வீட்டுக்காரர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“ஓடு,” என்றார்.

“என்ன ஓடு?”

“தட்டுக்கு அடியில வைக்கிற ஓடு. தேய்ச்சுக் கழுவினேன்ல, எழுதினது எல்லாம் போயிருச்சு. ஞாபகத்துலதான் அடுக்கினேன். இடது பின்னால ஒரு ஓடு கூடுதலா வச்சிருக்கேன்.”

தட்டு உயரமாக இருந்ததால் அந்த மூலையில் கார் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. மட்டமாக்குகிறேன் என்று அவர் அந்தப் பக்கத்தைத் தாழ்த்தியிருக்கிறார். உண்மையான தரைக்கு வந்ததும் அந்தத் தாழ்வு அப்படியே நின்றுவிட்டது. சாமிக்காகக் கழுவியதில் கணக்கு போய், சாமிக்காக வைத்த பொட்டு அதைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. திட்டவா, கும்பிடவா என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் திட்டினேன்.

ஓடுதளத்தில் எடைத் தட்டுகள் கிடையாது, மட்டக்கருவி பட்டறையில். பெட்ரோல் ஊற்றப் புதிதாக வாங்கிய, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று லாரியில் கிடந்தது. வீடு கட்டுகிறவர்கள் செய்வது போல அதில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் பிடித்தால் மட்டம் தெரியும். வெயிலில் தண்ணீர் கண்ணுக்குப் படவில்லை. அதனால் நான் குடிக்கப் பிளாஸ்கில் கொண்டுவந்திருந்த சிவப்பு ரோஸ் சிராப்பை ஊற்றினோம். ஒரு முனையைத் தம்பி பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். முதலில் தளத்தில் மட்டமான இடம் தேடிக் காரை அங்கே தள்ளினோம். பிறகு இடது பின்பக்கத்தை என் வீட்டுக்காரர் சிறுகச் சிறுக உயர்த்தினார். மேற்கே மேகம் கறுத்து வந்தது. மழை பிடித்தால் அன்றைக்கு அவ்வளவுதான். ஆனாலும் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

பிறகு நான் லாரிப் பக்கம் போனேன். மகள் கண்ணைத் திறந்துதான் படுத்திருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

“வேணாம்னா வேணாம்,” என்றேன். “வீட்டுக்குப் போலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்.”

அவள் என்னைத் தாண்டி அப்பாவைப் பார்த்தாள். “ஓடுதானா ப்பா? நிச்சயமா?”

“நான் வச்ச ஓடு,” என்றார். “எனக்குத் தெரியாதா?”

அவள் எழுந்து உட்கார்ந்தாள். “ஒரே ஒரு தடவை,” என்றாள்.

கார் தளத்தின் கடைசிக்குப் போய்த் திரும்பி நின்றது. எனக்குக் கையெல்லாம் சிராப் பிசுபிசுத்தது, துடைக்கத் தோன்றவில்லை. இன்ஜின் ஏறியது. அவள் எங்களை நோக்கி வந்தாள், கடந்தாள், போனாள். நான் காரைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டு காதை மட்டும் தீட்டி வைத்திருந்தேன். இன்ஜின் சத்தம் கேட்டது, டயர் சத்தம் கேட்டது. அதற்கு அடியில் எதுவும் இல்லை.

“அலமாக்,” என்றார் தம்பி மெதுவாக. ஆச்சரியத்தில் வரும் அந்த மலாய் வார்த்தையை அவர் வாயில் அன்றைக்குத்தான் கேட்டேன். என் வீட்டுக்காரர் அப்படியே தளத்தில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு மூச்சு வந்தது. பல மாதமாக நான் பாதி மூச்சுதான் விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஒரே ஒரு தடவை என்றவள் திரும்பி வந்து நிறுத்தவில்லை. கையை ஆட்டிவிட்டு மறுபடி போனாள். முதல் தூறல் விழுந்த பிறகுதான் நின்றாள். கழுத்தைப் பின்னால் சாய்த்து, “கார்ல இருக்கிற மாதிரியே இல்ல மா,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

காரை ஏற்றிக்கொண்டு ரெங்கம் டவுனில் ஒரு தோசைக் கடையில் நிறுத்தினோம். மழை தகரக் கூரையில் கொட்டியது. பசி எல்லோருக்கும். என் வீட்டுக்காரரும் தம்பியும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நான் என் தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சிராப்புக் கையைக் கழுவக் குழாயடிக்குப் போனேன். உள்ளங்கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கண்ணையும் கழுவ வேண்டியிருந்தது.

திரும்பி வந்து பார்த்தேன். என் மகள் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். காலை நீட்டி என் நாற்காலியின் மேல் போட்டிருந்தாள். சட்டினியில் தோசையைப் புரட்டிக்கொண்டே, “இன்னொண்ணு சொல்லுங்க மா,” என்றாள். என் இடத்தைப் பிடித்துக்கொண்டது அவளுக்கு நினைவே இல்லை.

அவள் காலை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைக்காரரிடம் இன்னொரு தோசை சொல்லிவிட்டு, என் தட்டை எடுத்துக்கொண்டு தூண் ஓரமாகப் போய் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.